அரிசிப் புத்தகம்: ஹனோய் நாட்குறிப்பு, ஜூன் 2025

ஜூன் 5, வியாழன்

சோப்பு வாங்கக் கீழே இறங்கினால் தெருவில் பாதிக் கடைகள் மூடிக் கிடக்கின்றன. பண்டிகையும் இல்லை, துக்கமும் இல்லை. ஜூன் 1 முதல் ஆண்டுக்கு 100 கோடி தோங்குக்கு மேல் விற்கும் சில்லறைக் கடைக்காரர்கள், வரி அலுவலகத்தோடு இணைந்த பில் மெஷின் வைத்தாக வேண்டும். 100 கோடி என்றதும் மலைக்க வேண்டாம், நம் பணத்தில் சுமார் 33 லட்சம். இத்தனை நாளும் வரிக்காரர் குத்துமதிப்பாக ஒரு தொகை போடுவார், இவர்கள் கட்டுவார்கள். அந்த முறைக்குப் பெயர் 'குவான்'. அடுத்த ஜனவரியோடு அதுவும் போகிறது.

போன மாதம்தான், மே 4 அன்று, கட்சியின் பொலிட்பீரோ தன் 68ஆம் எண் தீர்மானத்தில் தனியார் துறையே பொருளாதாரத்தின் மிக முக்கியமான உந்துசக்தி என்று சொன்னது. பொதுச் செயலாளர் தோ லாம் பேச்சுக்குப் பேச்சு அதையே சொல்கிறார். உந்துசக்தியோ ஷட்டரை இறக்கிவிட்டு வாசலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறது. சோப்பு மூன்றாவது தெருவில் கிடைத்தது.

ஜூன் 8, ஞாயிறு

வீட்டுக்காரப் பாட்டி மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். இங்கே பாட்டியை 'பா' என்றுதான் அழைக்கிறார்கள், பாதி வேலை மிச்சம். மூடிய கடைகளைப் பற்றி நான் ஆரம்பித்ததும், "இதெல்லாம் ஒரு கஷ்டமா?" என்று பேத்தியிடம் ஏதோ சொல்லி அலமாரியைத் திறக்கச் சொன்னார். பிஸ்கட் டப்பாவுக்குள்ளிருந்து வந்தது அரிசிப் புத்தகம்.

நம் பழைய ரேஷன் கார்டைவிடச் சின்னது. பழுப்பேறிய தாள், மாதத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் கடைக்காரரின் கிறுக்கல். அரசே அரிசியை அளந்து கொடுத்த அந்தக் காலத்தில் பாட்டி பள்ளி ஆசிரியை. அரசு ஊழியருக்கு மாதம் 13 கிலோ, அதிலும் பாதி நாள் அரிசிக்குப் பதில் சோளமோ மரவள்ளியோ. ஒரு கட்டத்தில் தண்ணீர் பட்டு மை பரவியிருந்தது. அந்த மாதம் கடைக்காரர் அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டதையும், தான் அழுததையும், நேற்று நடந்ததுபோலச் சொன்னார். கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தால் நாம் கப்பல் கவிழ்ந்துவிட்டதா என்போம். இவர்கள் 'அரிசிப் புத்தகத்தைத் தொலைத்த மூஞ்சி' என்பார்கள். இன்றைக்கும் சொல்கிறார்களாம், புத்தகத்தைக் கண்ணால் பார்க்காத பேத்தி உட்பட.

விடியற்காலை நான்கு மணிக்கு வரிசை. ஆள் நிற்க முடியாவிட்டால் பெயர் எழுதிய செங்கல்லை வைத்துவிட்டுப் போகலாம். செங்கல்லை யாராவது நகர்த்திவிட்டால் சண்டை. 'எக்ஸ்.ஹெச்.சி.என்.' என்பது சோஷலிசம் என்ற சொல்லின் சுருக்கம். ஊர் அதை 'செப் ஹாங் கா ஙாய்' என்று விரித்தது: நாள் முழுக்க வரிசையில் நில். கடைகளைப் பற்றியும் ஒரு பாட்டு உண்டு. தோன் தான் தெருக் கடை ராஜாவுக்கும் மந்திரிக்கும், தோங் சுவான் சந்தை வியாபாரிக்கும், நடைபாதை மட்டும் வீரமிக்க மக்களுக்கும் என்று போகும். பாட்டி அதை ராகத்தோடு சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். பழைய பழக்கம்.

ஜூன் 12, வியாழன்

தேசிய அவை இன்று ஓட்டுப் போட்டுவிட்டது. 63 மாகாணங்களும் மாநகரங்களும் இனி 34. மாவட்டம் என்ற அடுக்கே ஜூலை 1 முதல் கிடையாது. அலுவலகத்தில் ஒரே பேச்சு, விசிட்டிங் கார்டில் என்ன முகவரி போடுவது என்று.

பட்டியலைப் பார்த்தேன். வின் ஃபுக் மாகாணம் ஃபூ தோ மாகாணத்தோடு சேர்கிறது. மறைவதற்குள் ஒருமுறை போய்வர வேண்டும். காரணம் ஒரு மனிதர்.

ஜூன் 15, ஞாயிறு

வின் யென் நகருக்குப் பஸ். வழியெல்லாம் அறுவடை முடிந்து தண்ணீர் கட்டிய வயல். ஒருவர் முழங்கால் சேற்றில் கை டிராக்டர் ஓட்ட, பின்னாலேயே கொக்குகள். நாற்றங்காலில் நாற்று விரல் உயரம். வரப்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓர் அம்மா மடை திறந்துகொண்டிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் இருப்பதுபோலவே இருந்தது.

இந்த மாகாணத்தின் கட்சிச் செயலாளராக இருந்தவர் கிம் ஙொக். (நம் அரிச்சுவடியில் சும்மா உட்கார்ந்திருக்கும் 'ங'வுக்கு இங்கே வந்தால்தான் வேலை. நாம் குயென் என்றும் நுயென் என்றும் எழுதுவது உண்மையில் ஙுயென்.) 1966இல் தலைக்கு மேல் அமெரிக்க விமானம், இளைஞர்கள் போர்முனையில். ஊரில் மிஞ்சிய பெண்களும் கிழவர்களும் மணி அடித்தால் கூட்டுறவு வயலுக்குப் போவார்கள், மாலையில் பெயருக்கு நேரே புள்ளி விழும். குனிந்து நட்டாலும் வரப்பில் நின்றாலும் கூலி அந்தப் புள்ளிக் கணக்குதான். ஆனால் வீட்டுக்கென்று விட்டுவைத்த 5 சதவீத நிலம் இருந்ததே, அதில் மட்டும் பச்சை பொங்கியது. எரு எங்கே போயிற்று என்று கேட்கவே வேண்டாம்.

கிம் ஙொக் அதிகம் படித்தவரல்ல. ஆனால் இது அவர் கண்ணில் பட்டது. 1966 செப்டம்பர் 10 அன்று மாகாணக் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது. கூட்டுறவு நிலத்தைக் குடும்பங்களிடம் ஒப்படைத்துவிடலாம். அளக்க வேண்டியதை அளந்துவிட்டு மிச்சத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நம் ஊரில் இதைக் குத்தகை என்போம், இவர்கள் 'குவான்' என்றார்கள். ஆமாம், கடைக்காரர் வரியில் வரும் அதே சொல். அந்தத் தீர்மானத்தின் எண்ணும் 68. இந்த எண் ஒற்றுமையை முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

விளைச்சல் கூடியது. கூடவே ஹனோயில் புருவமும் உயர்ந்தது. 1968 நவம்பரில் மூத்த தலைவர் த்ருவோங் சின் இந்த மாகாணத்துக்கே வந்து, ஊழியர்கள் நடுவில், இது சோஷலிசத்தைக் கைவிடும் வழி என்று கண்டித்தார். பேச்சு கட்சிப் பத்திரிகையிலும் வந்தது. கிம் ஙொக் சிறைக்குப் போகவில்லை, பதவியும் உடனே போகவில்லை. தான் செய்தது தவறு என்று எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1979இல் இறந்துபோனார். 1981 ஜனவரியில் கட்சி 100ஆம் எண் உத்தரவு போட்டு, நாடு முழுக்கக் கிட்டத்தட்ட அதே குத்தகையைக் கொண்டுவந்தது.

வேடிக்கை என்னவென்றால், அவர் கண்டிக்கப்பட்ட அதே 1968இல்தான் வின் ஃபுக், ஃபூ தோவோடு ஒருமுறை சேர்க்கப்பட்டது. 1997இல் பிரித்தார்கள். இப்போது மறுபடி சேர்க்கிறார்கள். திரும்பும்போது பஸ்ஸில் நல்ல தூக்கம்.

ஜூன் 19, வியாழன்

1986இல் தொடங்கிய 'தோய் மொய்' என்ற பொருளாதாரப் புதுப்பித்தலைப் பற்றிப் பேசினால் எல்லோரும் ஙுயென் வான் லின் பெயரைத்தான் சொல்வார்கள். எனக்கு அவரைவிட த்ருவோங் சின்தான் புதிர். சீனக் கம்யூனிஸ்டுகளின் லாங் மார்ச் என்ற பொருளில் தனக்கே பெயர் வைத்துக்கொண்டவர். நிலச் சீர்திருத்தத்தில் நடந்த அத்துமீறல்களுக்காக 1956இல் பொதுச் செயலாளர் பதவியை இழந்தவர். கிம் ஙொக்கைக் கண்டித்தவர். 1986 ஜூலை 10 அன்று பொதுச் செயலாளர் லே துவான் இறந்ததும், 79 வயதில் அதே நாற்காலிக்குத் திரும்பிய இந்தக் கிழவர்தான், டிசம்பர் கட்சி மாநாட்டுக்கு ஏற்கெனவே தயாராகியிருந்த அறிக்கையை மாற்றி எழுதவைத்தார். உண்மையை நேருக்கு நேர் பார்ப்போம் என்பது அந்த மாநாட்டின் வாசகம்.

மனம் எப்படி மாறியது? கொஞ்சம் தெற்கின் வேலை. அங்கே விதியை மீறுவதற்குப் பெயர் 'ஃபா ராவ்', வேலியை உடைப்பது. சைகோன் தட்டுப்பாட்டில் இருந்தபோது அரசு விலை கிலோவுக்கு 0.52 தோங். அந்த விலைக்கு மீகாங் விவசாயி நெல் போடமாட்டார். நகரக் கட்சிச் செயலாளர் வோ வான் கியெட்டின் ஆதரவோடு 'பா தி' என்று ஊர் அழைத்த பெண்மணி ஒருவர் 2.5 தோங் கொடுத்து வாங்கி நகரத்துக்குச் சோறு போட்டார். சட்டப்படி அது குற்றம். பிறகு 1983 ஜூலையில், த்ருவோங் சின் உள்ளிட்ட தலைவர்கள் தாலாத் மலையில் ஓய்விலிருந்தபோது, அப்போது நகரக் கட்சிச் செயலாளராக இருந்த லின் சைகோன் ஆலை மேலாளர்களை அங்கேயே கூட்டிப்போய்ப் பேசவைத்தார். கேட்டார்கள்.

மிச்சம் வயிற்றின் வேலை. 1985 செப்டம்பரில் பழைய 10 தோங்குக்குப் புதிய 1 தோங் என்று நோட்டை மாற்றினார்கள். பொறுப்பாளர், நாடறிந்த கவிஞரும் துணைப் பிரதமருமான தோ ஹூ. (கவிஞர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் கஜானா சாவி வேறு விஷயம்.) அடுத்த ஆண்டு விலைவாசி 774 சதவீதம் ஏறியது. அது யாரையும் ஞானியாக்கும். என்றாலும், தான் தண்டித்த யோசனைக்குத் தானே கதவைத் திறந்துவிட்டு, மூத்த தலைவர்கள் ஃபாம் வான் தோங், லே துக் தோ ஆகியோரோடு சேர்ந்து பொலிட்பீரோவிலிருந்து இறங்கிப்போக எத்தனை பேரால் முடியும்?

1982இல் பொலிட்பீரோவிலிருந்து வெளியேறி 1985இல் திரும்பிய லின், பொதுச் செயலாளரானார். 1987 மே 25 முதல் கட்சி நாளேட்டில் 'உடனே செய்ய வேண்டியவை' என்று ஒரு பத்தி, கீழே என்.வி.எல். என்று கையெழுத்து. ஊழல் அதிகாரிகளைப் பற்றி. ஊர் சும்மா இருக்குமா? 'நொய் வா லாம்' என்று விரித்தது, சொல்வதும் செய்வதும். வரிசைக் கிண்டலுக்குப் பிறகு ஒரு நல்ல விரிவாக்கம். பாட்டி அந்தப் பத்தியைக் கத்தரித்து வைத்திருந்தாராம், கரையான் தின்றுவிட்டது. 1988இல் 10ஆம் எண் தீர்மானம் நிலத்தைக் குடும்பத்தின் கையில் கொடுத்தது. 1989இல் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி.

ஜூன் 24, செவ்வாய்

அரிசியை விட்டார்கள், மைக்கை விடவில்லை. 1987இல் எழுத்தாளர்களை அழைத்துக் கட்டை அவிழ்க்கிறேன் என்றார் லின். 1989இல் கிழக்கு ஐரோப்பா சரிந்ததும் கட்டு மறுபடி இறுகியது. பொருளாதாரத்தில் பன்மை வந்தால் அரசியலிலும் வர வேண்டும், இரண்டு காலும் சேர்ந்துதான் நடக்கும் என்ற பொருளில் பேசிய பொலிட்பீரோ உறுப்பினர் த்ரான் சுவான் பாக், 1990 மார்ச்சில் பதவி நீக்கப்பட்டார். கிம் ஙொக்குக்கு இறந்த பிறகு நாட்டின் உயர்ந்த விருதுகள் வந்தன. த்ரான் சுவான் பாக் பெயரைச் சொன்னதும் பேத்தி, "யார் அது?" என்றாள். அப்புறம் ஐஸ் தேநீர் இன்னொன்று சொல்லட்டுமா என்று கேட்டாள். சரி என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

ஹனோயில் 526 வார்டுகளும் ஊராட்சிகளும் இன்றிலிருந்து 126. எங்கள் வார்டு அலுவலகத்தில் புதிய பலகை, ஓரத்தில் பிளாஸ்டிக் உறை இன்னும் உரிக்கவில்லை. வீட்டுப் பத்திரத்தை மாற்ற வேண்டுமா என்று கேட்டே ஆக வேண்டும் என்றார் பாட்டி. வேண்டியதில்லை என்று டிவியில் சொல்லியாகிவிட்டது. நேரில் கேட்டால்தான் நம்புவார்.

உள்ளே ஏசி, வரிசையாக நாற்காலி, நீலச் சட்டை போட்ட இளைஞர் அணிப் பையன்கள். மெஷின் கொடுத்த சீட்டில் எண் 47. பலகையில் ஓடிக்கொண்டிருந்தது 19. தண்ணீர் குடித்து வரலாம் என்று எழுந்தபோது பாட்டி தன் ஓலைத் தொப்பியை நாற்காலியில் வைத்தார். ஒரு பையன் ஓடிவந்து, "பா, இடம் பிடிக்க வேண்டாம், எண் இருக்கிறது" என்று பணிவாகச் சொன்னான். பாட்டி சீட்டைப் பார்த்தார், தலையாட்டினார். தொப்பியை எடுக்கவில்லை.