எழுந்து நின்ற தபால்தலை

2005-இல் தென்கொரியா ஒரு தபால்தலை வெளியிட்டது. சக்கர நாற்காலியில் இருப்பவர் எழுகிறார், துள்ளுகிறார், இன்னொருவரைக் கட்டிப்பிடிக்கிறார். ஹ்வாங் வூ சுக் என்ற அந்நாட்டு விஞ்ஞானியின் குருத்தணு (உடலின் பல வகைச் செல்களாக மாறக்கூடிய செல்) ஆய்வுக்கு மரியாதையாம். அப்படி எழுந்த நோயாளி ஒருவர்கூடக் கிடையாது! செய்திகள் ஊதிய ஊதலில் அதை யார் கேட்டார்கள்?

அதே ஆண்டு, ஆய்வுக்குப் பெண்களின் கருமுட்டைகள் எப்படி வந்தன என்று அந்நாட்டின் எம்பிசி தொலைக்காட்சி குடைந்தது. மக்கள் கோபம் ஹ்வாங் மேல் அல்ல, எம்பிசி மேல் பாய்ந்தது. விளம்பரதாரர்கள் கழன்றுகொண்டார்கள். சரி, எம்பிசியும் லேசுப்பட்டதில்லை. பேட்டி கொடுத்தவர்களை மிரட்டியதற்காக மன்னிப்புக் கேட்டது.

அப்புறம் 2006 ஜனவரியில் சயன்ஸ் என்ற அறிவியல் இதழ், தான் வெளியிட்டிருந்த ஹ்வாங்கின் இரண்டு குருத்தணுக் கட்டுரைகளையும், தரவுகள் போலி என்று தெரிந்ததால், திரும்பப் பெற்றது. தபால்தலை விற்பனையையும் நிறுத்திவிட்டார்கள்.