கச்சான் காலத்து முட்டைகள்

திருகோணமலையில் கச்சான் என்கிற சூடான வரள்காற்று வீசத் தொடங்கினால் எங்கள் பொரிப்பகத்தில் முறைப்பாடும் தொடங்கிவிடும். முட்டை கொண்டுவருகிற எல்லாருக்கும் ஒரே குறை: குஞ்சு குறைவு. ஏழாம் நாள் முட்டைகளை விளக்கில் பிடித்துப் பார்த்து, வெறுமையாகத் தெரிபவற்றைக் கழிப்பது என் வேலை. "சேவல் சரியில்லை, மாத்துங்கோ" என்று சொல்லியே நாலு வருடம் ஓட்டினேன். உயிரியல் படித்தவன் என்று அவர்களும் நம்பினார்கள்.

சாம்பல்தீவு அக்கா ஒருவர் மட்டும் விடவில்லை. "தம்பி, இதே சேவல்தான் மார்கழியில நல்லாக் குஞ்சு தந்தது. கச்சானுக்கு மட்டும் மலடாகுமோ?"

சரி என்று அன்று பின்னேரம் கழித்த முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்தேன். கருக்கூடாத முட்டையின் மஞ்சட்கருவில் சின்னதாய், இறுக்கமாய் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். கருக்கூடியதில் அது வளையம்போல் அகன்றிருக்கும். அக்காவின் முட்டைகளில் பாதிக்கு மேல் வளையம்தான். சில, நகமளவு பரந்து, ஒரு சொட்டு இரத்தம்கூட உண்டாகாமல் நின்றுபோயிருந்தன. விளக்கில் பார்த்தால் இவையும் வெறும் முட்டைபோலத்தான் தெரியும். இத்தனை காலமும் அதை யோசிக்கவே இல்லை.

பேடு முட்டையிடும்போதே உள்ளே பல்லாயிரம் கலங்கள் இருக்கின்றன. முதல் சில பிரிவுகளைத் தாய் சேமித்துவைத்த ஆர்.என்.ஏ., அதாவது தாயின் மரபணுச் செய்தியின் நகல்கள், நடத்தும், முட்டை வெளியே வருமுன்பே கருவின் சொந்த மரபணுக்கள் வேலையைக் கையில் எடுத்துவிடும். வெளியே ஏறத்தாழ 21 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் எல்லாம் அப்படியே நின்று காத்திருக்கும். 37.5 பாகை கிடைத்தால் ஒழுங்காக ஓடும். இடைப்பட்ட சூடுதான் சனியன். ஒரு பகுதி வளரும், இன்னொரு பகுதி பின்தங்கும். அந்த வயதில் இதயமும் இல்லை, இரத்தமும் இல்லை. முட்டையில் இருக்கிற கொஞ்சக் குளுக்கோஸை உடைத்துத்தான் பிழைப்பு. குஞ்சுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கு மஞ்சட்கருக் கொழுப்பிலிருந்து வந்தாலும், அதை எரிக்க ஒட்சிசன் வேண்டும். அதற்கு இரத்தக்குழாய்கள் பரவவேண்டும். எங்கள் முட்டைகளோ வெள்ளிக்கிழமை அடைவைக்கும் வரை தகரக்கூரைக்குக் கீழே, 33 பாகையில் அலுமாரியில் கிடந்தன. தூங்கவும் விடவில்லை, எழுப்பவும் இல்லை.

2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் கரண்ட் போனபோது வேறொரு பாடம். முட்டைகள் குளிர்ந்துவிடும் என்று எல்லாரும் சாக்குப் போர்த்த ஓடினோம். ஆனால் பதினெட்டாம் நாள் முட்டைகள் தாமே சூட்டைக் கக்கும். காற்றாடி நின்ற பெட்டிக்குள் அவை வெந்துபோகத்தான் பார்த்தன. கதவைத் திறந்துவிட்டு விசிறினோம். அந்த வயதுக்குக் காற்றுத்தான் உயிர்.

இப்போது பழைய சோடாக் குளிர்பெட்டி ஒன்றை 17 பாகைக்குத் திருப்பிவைத்து அதில்தான் முட்டை வைக்கிறோம். அடைவைக்குமுன் சில மணிநேரம் வெளியே எடுத்து வைப்போம், இல்லாவிட்டால் ஓடு வியர்க்கும். அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். "நான் அப்பவே சொன்னனான்" என்று சிரித்தார்.

நிலாவெளிக்காரர் ஒருவர் என் பேச்சைக் கேட்டு மூன்று சேவல்களைக் கறியாக்கியிருந்தார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.