குழாய்களின் வரிசையில் ஒரு கிறிஸ்துமஸ் மரம்

எங்கள் மருத்துவமனையில் டிசம்பர் பிறந்ததும் ஒவ்வொரு பிரிவின் வாசலுக்கும் ஆளுயரச் செயற்கை மரம் ஒன்று வந்து சேரும். மரங்கள் எல்லாம் ஒரே அச்சு. அலங்காரம் மட்டும் அந்தந்தப் பிரிவின் பொறுப்பு. ஒரு கருப்பொருளைத் தேர்ந்தெடுத்து, வேலை நேரம் முடிந்தபின் பிரிவில் இருப்பவர்களே கூடி மரத்தை அலங்கரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறேன். இங்கு சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் எங்கள் மரத்தின் கருப்பொருள் வெறும் நிறமாகவே இருந்தது: ஓர் ஆண்டு வெள்ளியும் வெள்ளையும், மறு ஆண்டு நீலமும் பொன்னும். கடையில் வாங்கிய உருண்டைகளையும் சரிகைத் தாள்களையும் ஒரு மணி நேரத்தில் மாட்டி முடித்துவிடுவோம். மரம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மாதிரி கொடுக்க வரிசையில் நிற்பவர்கள்கூட அதை நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அந்த மரத்தைத் தூக்கி வேறு எந்தப் பிரிவின் வாசலில் வைத்தாலும் பொருந்தியிருக்கும். எங்களுடையது என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

மின்விளக்கால் அலங்கரிக்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் மரம், ஒருவருடைய வேலையிலிருந்தே வந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். 1882ஆம் ஆண்டு, தாமஸ் எடிசனின் நெருங்கிய பணித் தோழரான எட்வர்ட் ஜான்சன், நியூயார்க்கில் உள்ள தம் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 சிறு பல்புகளைப் பொருத்தினார். அதே நகரில், பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய 1931ஆம் ஆண்டு, ராக்ஃபெல்லர் மையத்தின் கட்டுமானத் தொழிலாளர்கள் தங்கள் கைக்காசைச் சேர்த்து, சுமார் 20 அடி உயர மரம் ஒன்றை வேலைத்தளத்திலேயே நட்டார்கள். காகித மாலைகளும் கிரான்பெரிப் பழச் சரங்களும் தகர டப்பாக்களுமே அதன் அலங்காரம். இன்று உலகமே பார்க்கும் பெரிய மரம் அங்கே ஆண்டுதோறும் நிற்கிறது. என் மனம் என்னவோ அந்தத் தகர டப்பாக்களையே சுற்றி வருகிறது.

எங்கள் மரத்தை மாற்றிய யோசனை, கிடங்கில் காலாவதியான பொருள்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த மூத்த தொழில்நுட்பருக்கு வந்தது. ரத்தம் சேகரிக்கும் வெற்றிடக் குழாய்கள் நாளடைவில் வெற்றிடத்தை இழக்கும். அதன்பின் வேண்டிய அளவு ரத்தத்தை அவை இழுக்காது. அப்படி ஒதுக்கிய, ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படாத குழாய்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. அவற்றின் மூடிகளில் இல்லாத நிறம் இல்லை: இளநீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா, சாம்பல். நிறத்துக்கு ஒன்றாகக் கலந்து மாட்டலாம் என்றுதான் நாங்கள் முதலில் நினைத்தோம். அவர்தான், “கலந்து மாட்டினால் அது அலங்காரம். ரத்தம் எடுக்கும் வரிசையில் மாட்டினால் அது நம் லேப்” என்றார்.

அந்த வரிசை எங்கள் தொழிலின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. ஒரே ஊசியில் பல குழாய்களை நிரப்பும்போது, கிருமி வளர்ப்புக்கான கல்ச்சர் பாட்டில் முதலில் வரவேண்டும். பிறகு இளநீலம், அடுத்து சிவப்பும் மஞ்சளும், பின்னர் பச்சை, ஊதா, கடைசியாகச் சாம்பல். அப்படியே கட்டினோம். மரத்தின் அடியில் காலாவதியான கல்ச்சர் பாட்டில்களை வட்டமாக வைத்து, அங்கிருந்து மேல்நோக்கி, உச்சியில் இருந்த காகித நட்சத்திரம்வரை குழாய்கள் சுற்றிச் சுற்றி ஏறின. ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் மெல்லிய கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை மடக்கிக் கொக்கியாக்க வேண்டும். இறுக்கினால் மூடி பிதுங்கும். தளர்ந்தால் குழாய் வழுக்கி விழும். மூன்று மாலைப் பொழுதுகள் அதற்கே போயின. ஊதாவுக்கு வந்தபோது வேலை நின்றது. ரத்த அணுக்களை எண்ணுவதற்கு அன்றாடம் மிகுதியாகச் செலவாவது அதுதான் என்பதால், அது காலாவதியாவதே அபூர்வம். எங்களிடம் பதினொன்றுதான் இருந்தன. பயன்படுத்திய குழாய்களின் மூடிகளைக் கழுவி மாட்டலாமே என்று ஒருவர் சொன்னதை அந்த இடத்திலேயே மறுத்தோம். நோயாளியின் ரத்தம் பட்ட எதுவும் மரத்தருகே வரக்கூடாது. இரவுப் பணியில் இருந்த தோழி, ஈரத்தில் நனைந்ததால் ஒதுக்கப்பட்ட ஒரு பெட்டியைக் கிடங்கின் மூலையில் கண்டுபிடித்து, விடியற்காலையில் தனியாக உட்கார்ந்து ஊதா வரிசையை முடித்திருந்தார். பகல் பணியாளர்களின் விழாவாகவே இருந்துவந்த மரத்தில் இரவுப் பணியின் கை பட்டது அதுவே முதல் முறை. அதை முன்பே கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

பனிபோலத் தெரிய வேண்டும் என்று கிளைகளில் பரப்பியிருந்த பஞ்சை, மின்பராமரிப்பு ஊழியர் வந்து எடுக்கச் சொன்னார். விளக்குச் சரத்துக்காக ஒரு நீட்டிப்புப் பெட்டியில் இன்னொன்றைச் செருகியிருந்ததையும் கழற்றினார். அவர் செய்தது சரி. பஞ்சு இல்லாமல் மரம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

மற்றப் பிரிவுகளிலும் சில மரங்கள் மனத்தில் நின்றன. மருத்துவப் பதிவேட்டுப் பிரிவினர் பழைய கோப்பு அட்டைகளை வெட்டிப் பறவைகள் செய்திருந்தார்கள். துப்புரவுப் பணியாளர்கள், கழிவுகளைப் பிரித்துப் போடும் வண்ணப் பைகளின் புதுச்சுருளிலிருந்து நாடாக்கள் கிழித்துப் பின்னிய மாலை, நான் பார்த்தவற்றில் மிக அழகானது. அந்தப் பைகளை நாள்தோறும் நூறு முறை கடந்துபோன எனக்கு, அவற்றின் நிறங்கள் அன்றுதான் கண்ணில் பட்டன. சிறந்த மரத்துக்கான பரிசு எங்கள் மரத்துக்கும் கிடைக்கவில்லை, அவர்களுடைய மரத்துக்கும் கிடைக்கவில்லை. போட்டி என்று ஒன்று இல்லாவிட்டால் எல்லோரும் இன்னும் தாராளமாகச் செய்வார்கள் என்பது என் கருத்து.

எனக்கு அந்த மரத்தின் பயன் வேறு விதமாகத் தெரிந்தது. எங்களுக்கும் வார்டுகளுக்கும் தொலைபேசியில் ஓயாத ஒரு மனத்தாங்கல் உண்டு. “பொட்டாசியம் நம்ப முடியாத அளவில் வருகிறது, மாதிரியை மறுபடி அனுப்புங்கள்” என்போம் நாங்கள். “நோயாளியை எத்தனை தடவை குத்துவது?” என்பார்கள் அவர்கள். இரு பக்கமும் நியாயம் இருந்தது. காரணத்தைப் பேச நேரம்தான் இருந்ததில்லை. ஒரு நாள் மாலை, வார்டில் புதிதாகச் சேர்ந்திருந்த செவிலியர் ஒருவர் மரத்தின் முன் நின்று, கீழிருந்து விரலால் சுற்றைத் தொடர்ந்துகொண்டிருந்தார்.

“மேடம், இது அழகுக்காக மாட்டினதா, இல்ல இந்த வரிசையிலதான் எடுக்கணுமா?”

ஊதாக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்க இடப்பட்டிருப்பது ஈடிடிஏவின் பொட்டாசியம் உப்பு என்றும், அதை முதலில் நிரப்பிவிட்டு அடுத்த குழாய்க்குப் போனால் அந்த உப்பு இம்மியளவு ஒட்டிச் சென்றாலும் பொட்டாசியம் பொய்யாக உயரும், கால்சியம் பொய்யாகக் குறையும் என்றும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நான் ஊதாவைத்தான் முதல்ல எடுப்பேன், அது சீக்கிரம் நிரம்பிடும்னு” என்றார். அவரை ஒரு சொல்கூடக் கடிந்துகொள்ளத் தோன்றவில்லை. அவருக்கு இதை நேரில் நின்று சொன்ன முதல் ஆள் நானாக இருந்தேன் என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஜனவரி முதல் வாரத்தில் மரத்தைக் கலைத்து, குழாய்களை முறைப்படி கழிவுக்கு அனுப்ப எண்ணிக்கொண்டிருந்தபோது அவர் மறுபடி வந்தார். நிறத்துக்கு ஒன்றாகக் கோத்த ஒரு சரம் தரமுடியுமா, வார்டின் ரத்தச் சேகரிப்புத் தள்ளுவண்டியில் மாட்டிக்கொள்கிறோம் என்றார். யாரும் தவறிப்போய் அவற்றில் ரத்தம் எடுத்துவிடக்கூடாது என்பதால், மூத்த தொழில்நுட்பர் ஒவ்வொரு மூடியையும் நடுவில் துளைத்து, ‘காட்சிக்கு மட்டும்’ என்று சீட்டு ஒட்டி, இளநீலத்தில் தொடங்கி எண்களும் எழுதிக் கொடுத்தார்.