ஈனியட் கேள்வியில் நான் விட்ட கோட்டை

போன வியாழக்கிழமை ரிசல்ட். ஏ லெவல் கிளாசிக்கல் சிவிலைசேஷன் (பழைய கிரேக்க, ரோமானிய உலகம்) பாடத்தில் ஏ. மாதிரித் தேர்வில் டி வாங்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவள் நான். அடுத்த வருஷம் எழுதப்போகிறவர்களுக்காக, மறப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

கிரேக்கக் கவி ஹோமரின் இலியட், ஒடிசி காவியங்களை ரோமானியக் கவி வெர்ஜில் தன் ஈனியட் காவியத்தில் எப்படிக் கையாண்டார் என்ற கேள்விக்கு மூன்று பக்கம் ஒற்றுமைகளாக அடுக்கியிருந்தேன். ஈனியடின் முதல் 6 காண்டம் ஒடிசி மாதிரி, அடுத்த 6 இலியட் மாதிரி, அங்கே கேடயம், இங்கேயும் கேடயம். டீச்சர் ஓரத்தில் எழுதியது ஒன்றுதான்: "சரி, அதனால்?"

அதற்குப் பிறகு ஒற்றுமைக்கு ஒரு வரி, மாற்றத்துக்கு ஒரு பத்தி. வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கடைசிக் காட்சியையே எடுங்கள். இலியட் 24-ஆம் காண்டத்தில் ட்ராய் அரசர், கிழவர் பிரியாம், தன் மகன் ஹெக்டரைக் கொன்ற கிரேக்க வீரன் அகில்லெஸிடமே போய், உன் அப்பாவை நினைத்துப்பார் என்று கெஞ்சுகிறார். அகில்லெஸ் அழுகிறான். ஹெக்டரின் உடலைக் கொடுத்துவிடுகிறான். ஈனியட் 12-இல், ட்ராயிலிருந்து இத்தாலிக்கு வந்த காவிய நாயகன் ஈனியஸிடம், அங்கே அவனை எதிர்த்துப் போரிட்டு, தொடையில் ஈட்டி பாய்ந்து விழுந்த டர்னஸும் அப்பாவைச் சொல்லித்தான் கெஞ்சுகிறான். ஈனியஸின் கை தயங்குகிறது. அந்த நேரம் பார்த்து, டர்னஸ் கையால் செத்துப்போன, ஈனியஸின் இளம் தோழன் பல்லாஸின் தோள்வார் டர்னஸின் தோளில் மின்னுகிறது. ஈனியஸ் வாளைப் பாய்ச்சிவிடுகிறான். காவியமே அதோடு முடிந்துவிடுகிறது. அந்த வாரில் செதுக்கியிருப்பதும் ஒரு கிரேக்கக் கதை: கல்யாண ராத்திரியிலேயே மாப்பிள்ளைகள் கொல்லப்பட்டது. கல்யாணமே ஆகாமல் செத்த பையனின் வாரில் அது! இதைக் கண்டுகொண்ட ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

கைவசம் இருக்கவேண்டிய மற்றவை:

- கேடயம்: அகில்லெஸுடையதில் கல்யாணம், அறுவடை, நடனம். ஈனியஸுடையதில் ரோமின் எதிர்காலம், நடுவில், பின்னால் ரோமின் முதல் பேரரசரான அகஸ்டஸ் கி.மு. 31-இல் வென்ற ஆக்டியம் கடற்போர். என்னவென்று தெரியாமலே தோளில் சுமக்கிறான்.
- பாதாளம்: ஒடிசியில், கோபத்தில் இருந்த பழைய தோழன் ஏஜாக்ஸின் ஆவி பேசாமல் போனதும் நாயகன் ஒடிசியஸ் அடுத்த ஆவிகளைப் பார்க்கத் திரும்பிவிடுகிறான். ஈனியடில், ஈனியஸ் விட்டுப்போனதால் உயிரைவிட்ட காதலி டைடோவின் ஆவியும் பேசுவதில்லை, ஆனால் ஈனியஸ் அழுதபடி பார்த்துக்கொண்டே நிற்கிறான்.
- அக்கெமெனிடீஸ்: ஒற்றைக்கண் அரக்கர்களான சைக்ளோப்ஸ் தீவில் ஒடிசியஸ் விட்டுப்போன கிரேக்க ஆள். ஹோமரில் இவன் இல்லை. எதிரிகளான ட்ரோஜன்கள்தான் (ட்ராய்க்காரர்கள், ஈனியஸின் ஆட்கள்) கப்பலில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றையும் "அகஸ்டஸ் பிரசாரம்" என்று முடித்துவிடாதீர்கள். பணிந்தவரை விட்டுவிடு என்று 6-ஆம் காண்டத்தில் அப்பா ஆங்கைசிஸ் சொன்னதை மகன் கடைசியில் கேட்கவில்லை. வெறும் புகழ்ச்சி என்றால் அங்கே டர்னஸ் பிழைத்திருப்பான்.

குரூப் ஸ்டடி எனக்குச் சரிவரவில்லை. தனியாக உட்கார்ந்து, இரண்டு காவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஒரே காட்சியை மாறிமாறி வாய்விட்டுப் படித்தேன். ஒரு நாளைக்கு ஒரு காட்சி, அவ்வளவுதான்.