ஒரே பேர், இரண்டு காட்

யாழ் டவுனில என்விடியாவின் ஆர்ரிஎக்ஸ் 3050 கிராஃபிக்ஸ் காட் கேட்டால் 6 ஜிபி, 8 ஜிபி என்று இரண்டு காட்டுவினம். மெமரிதானே குறைவு என்று 6 ஜிபியைத் தூக்கிக்கொண்டு வந்திடாதேங்கோ. 8 ஜிபியில் 2560 கோர் (கணக்குப் போடும் சின்னப் பகுதி), 128 பிட் பஸ் (மெமரிக்குப் போகும் பாதை). 6 ஜிபியில் 2304 கோர், 96 பிட். அது 70 வாட்ஸில் ஓடும், தனி பவர் வயரும் வேண்டாம். பழைய ஒஃபிஸ் மெஷினுக்கு என்றால் நல்ல சாமான்தான். கேம் விளையாட 8 ஜிபியே எடுங்கோ.

இந்தக் குழப்பத்தின் வேர் ஃபக்டரியில் இருக்கு. 300 மில்லிமீற்றர் வட்ட வேஃபரில் (சிலிக்கன் தட்டில்) சதுரச் சிப் வெட்டுவது, வட்டத் தட்டில் தொதல் வெட்டுவது மாதிரி: துண்டு பெரிதானால் ஓரத்தில் கழிவும் கூட. பெரிய காட்டான ஆர்ரிஎக்ஸ் 4090 இன் சிப் 609 சதுர மில்லிமீற்றர்; ஒரு வேஃபரில் ஏறத்தாழ 89 தான் தேறும். அதைவிடச் சின்னக் காட்டான 3060 இன் ஜிஏ106 என்ற சிப் 276. 216 அளவில் தேறும். 10 சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு பழுது என்று வைத்துக் கணக்குப் போட்டால், பெரியதில் 100க்கு 54 தான் பழுதில்லாமல் வரும், சின்னதில் 76.

மிச்சத்தை எறிவதில்லை. பழுதான கோரை மூடிவிட்டு விற்பினம். ஜிஏ106 இல் முழுசாக 3840 கோர். 3060 இல் திறந்திருப்பது 3584. முதல் வந்த 3050 8 ஜிபியும் அதே சிப்தான், 2560. மூடினது எல்லாம் பழுது என்றும் இல்லை. மலிவுக் காட்டுக்கு ஓடர் கூடினால் நல்ல கோரையும் மூடுவினம்.

கேம் காட்டுக்குத் தட்டுப்பாடு வந்தால், என்விடியாவை விட்டு வேற பிராண்டுக்கு மாறினால் தீருமோ? 2025 முதல் காலாண்டில் டெஸ்க்ரொப் காட்டுகளில் 92 வீதம் என்விடியா என்றது சந்தைக் கணக்கு எடுக்கும் ஜோன் பெடி ரிசேர்ச். அது கடைகளுக்கு ஏற்றின கணக்கு, சனம் வாங்கின கணக்கில்லை. ஆனால் பிராண்ட் வேறானாலும் என்விடியாவின் ஆர்ரிஎக்ஸ் 40, ஏஎம்டி 9070, இன்ரெல் பி580 மூன்றின் சிப்பும் தைவானின் ரிஎஸ்எம்சி என்ற சிப் ஃபக்டரியில்தான் அடிச்சது. ஏஐக்குப் போகும் என்விடியா எச்100 சிப்பும் 4090 உம் அங்கே ஒரே 4என் என்ற தயாரிப்பு முறை. அதே வேஃபருக்கு ஏஐக்காரர் கூடக் காசு தரும்போது கேம் காட் பின்னுக்குப் போகும்.

பாவிச்ச காட் வாங்கிறவை காசு குடுக்க முதல் மெஷினில் போட்டு ஜிபியு-இசட் என்ற சொஃப்ட்வெயாரைத் திறந்து ஷேடர் (கோர் எண்ணிக்கை), பஸ் இரண்டையும் பாருங்கோ. பயோஸை (காட்டுக்குள் இருக்கும் அடிப்படை சொஃப்ட்வெயாரை) மாற்றிப் பொய்ப் பேர் ஏற்றின என்விடியா காட் சிலதுக்கு, பேருக்கு முன்னாலேயே ‘ஃபேக்’ என்று அதுவே காட்டும்.