எந்தக் கோயில்

2025 பெப்ரவரி 26
சிவராத்திரி. அம்மா விபூதி பூச வந்தபோது வழமைபோலக் குனிந்துகொண்டேன்.

மார்ச் 2
"கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன்" என்றேன். எந்தக் கோயில் என்று அம்மா கேட்கவில்லை. கோயில், பூசை, விபூதி என்று சைவர், கத்தோலிக்கர் இரு பக்கத்தாரும் ஒரே சொற்களையே புழங்குவதால், ஒரு பொய்கூடச் சொல்லாமல் இரண்டு வருடங்களாக அந்தச் சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறேன். பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை முன்னமே அகப்பட்டிருப்பேன்.

மார்ச் 5
விபூதிப் புதன். போன வருடக் குருத்தோலைகளை எரித்த சாம்பலால் சுவாமி என் நெற்றியில் சிலுவை வரைந்தார். அம்மா பூசும் மூன்று குறியைவிட அது கருமையாக இருந்தது. கிளிநொச்சியில் வட்டக்கச்சி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, எவரும் என்னைப் பார்க்காமலே, கைக்குட்டையை நனைத்துத் துடைத்துவிட்டேன்.

படலையில் அம்மா கேட்டார்: "கோயிலுக்குப் போனனி, ஏன் தம்பி நெத்தி வெறுமையாக் கிடக்கு?"

மார்ச் 6
நித்திரை இல்லை.

மார்ச் 16
மடு மாதா கோயிலுக்குப் போய் வந்தோம். போகும் வழியில் முறுகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வான் நின்றது. எல்லா வாகனங்களும் நிற்கும் இடம் அது. சாரதி உண்டியலில் காசு போட்டார், மற்றவர்கள் கச்சான் வாங்கினார்கள், எவருடைய விசுவாசத்துக்கும் ஒன்றும் நேரவில்லை. நான் மட்டும் பிள்ளையாரைப் பார்க்கவும் முடியாமல் பார்க்காமல் இருக்கவும் முடியாமல் வானுக்குள்ளேயே இருந்தேன்.

1670 இல் ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைக் காட்டுக்குள் கொண்டுவந்தவர்களும் ஒளிந்தவர்கள்தானே என்று மடுவில் நின்றபோது ஆறுதலாக இருந்தது. ஆனால் 1687 இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த குருவானவர் யோசப் வாஸ், உடுப்பை மாற்றிய பிறகும் கழுத்தில் செபமாலையோடுதான் வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அவரைப் பிடிக்க ஓர் அரசே இருந்தது. எனக்கு எதிரே இருப்பது அம்மாவின் முகம் மட்டும்.

மார்ச் 17
பாம்புக்குக் காவல் என்று நம்பும் மடு மண்ணை அம்மாவிடம் கொடுத்தேன். தறப்பாள் கொட்டிலில் இருந்த காலத்தில் எடுத்த மண் இன்னும் ரின்னுக்குள் இருப்பதாகச் சொல்லிச் சிரித்தார். சொல்லியிருக்கலாம்.

மார்ச் 29
சொன்னேன், பாதிதான். மாதாவைக் கும்பிட வேண்டாம் என்று தான் எப்போதாவது தடுத்ததுண்டா என்று அம்மா அமைதியாகத்தான் தொடங்கினார். பிறகு, "அப்ப எனக்கு ஆர் கொள்ளி வைக்கிறது?" என்று கேட்டு அண்ணாவின் படத்தைப் பார்த்தார். அந்தப் படத்துக்கு நாங்கள் இன்னும் மாலை போடவில்லை. ஞானஸ்நானம் என்ற சொல்லை நான் விழுங்கிவிட்டேன்.

ஏப்ரல் 4
கொள்ளி. கொள்ளி. வேறு எதைப் படித்தாலும் அந்தச் சொல்லிலேயே வந்து நிற்கிறேன்.

ஏப்ரல் 13
குருத்தோலை ஞாயிறு. ஓலையைச் சட்டைப்பைக்குள் வைக்க முடியாது, கைக்குட்டையால் துடைக்கவும் முடியாது. பஸ்ஸில் பக்கத்து வளவு மாமி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கை வியர்த்து ஓலை நனைந்தது. படலைக்கு வந்தபோது, முதன்முறையாக அம்மா "எந்தக் கோயில்?" என்று கேட்டார்.

முழுவதையும் சொன்னேன், 19 ஆம் திகதி இரவு நடக்கவிருக்கும் என் ஞானஸ்நானம் உட்பட.

ஏப்ரல் 14
வருடப்பிறப்பு. என் தலையில் மருத்துநீர் வைத்தவர் அம்மாதான். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஏப்ரல் 18
பெரிய வெள்ளி. நான் ஒருசந்தி, வெள்ளிக்கிழமை என்பதால் அம்மாவும் விரதம். கொள்ளியைப் பற்றிச் சுவாமியிடம் கேட்டதற்கு, முதலில் அம்மாவோடு இருந்து பேசும்படி சொன்னார். அம்மா குசினிக்குள் இருக்கிறார். அண்ணாவின் படத்துக்குப் பக்கத்தில் ஓலையைச் செருகியவர் அவராகத்தான் இருக்க வேண்டும், நான் அதை அங்கே வைக்கவில்லை.