தொடையில் ஆதி தாளம்

டிசம்பர் 19

மதியம் 2 மணி இலவசக் கச்சேரி. மயிலாப்பூர் சபாக்களில் இந்த நேரத்துக்குச் சின்னப் பசங்கதான் பாடுவார்கள், கூட்டமும் இருக்காது, ரெக்கார்டரை ஐந்தாவது வரிசை நடுவில் முக்காலியில் நிறுத்த வசதி. பாடுகிற பெண்ணிடம் முன்பே கேட்டேன். "தாராளமா எடுங்க சார், எனக்கும் ஒரு காப்பி அனுப்பிடுங்க."

ரெக்கார்டரில் ஒலி லெவலை ஆட்டோவில் விடக்கூடாது என்று போன வருஷமே பட்டுத் தெரிந்துகொண்டேன். பாட்டு நிற்கிற இடத்தில் தம்புராவும் ஏசி இரைச்சலும் பொங்கி வரும், மிருதங்கத்தில் ஓர் அடி பலமாக விழுந்தால் குரல் அமுங்கிவிடும். அதனால் கையாலேயே மைனஸ் 12 டெசிபலில் வைத்து, மிருதங்கம் மட்டும் தனியாக முழங்கும் தனி ஆவர்த்தனத்துக்கு இடம் விட்டேன்.

வீட்டில் போட்டால் கரகரப்ரியா ராக ஆலாபனை சுத்தம். கீர்த்தனை தொடங்கியதும் டப்... டப். பக்கத்து நாற்காலி மாமாவின் தொடை! ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் ஒன்று, ஐந்து, ஏழு என்று தட்டு விழும் இடமெல்லாம் அச்சாக. தாளம் துளிகூடப் பிசகவில்லை, அந்த வரைக்கும் சந்தோஷம்.

டிசம்பர் 22

தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தில் பெரிய கிளை ஒன்றை, கம்பியில் படுகிறதென்று வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அள்ள ஆளைக் காணோம். இதன் ஜோடி மரம் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சாய்ந்தது, மிஞ்சியதற்கு நடைபாதை போட்டவர்கள் அடிமரம்வரை சிமென்ட் பூசிவிட்டார்கள், தண்ணீர் இறங்க ஒரு சாண் மண் கிடையாது.

டியூஷன் விளம்பரத் தகரங்களைக் கழற்றி ஒன்பது ஆணி பிடுங்கினேன். பத்தாவதை மரம் விழுங்கிவிட்டது, தலை மட்டும் தெரிகிறது.

"நெழலு போச்சு சார், மத்தியானம் வண்டிய எங்க நிறுத்தறது" என்றார் இஸ்திரிக்காரர்.

டிசம்பர் 23

இன்னும் அள்ளவில்லை. ஒரு மாடு மட்டும் தன்னால் ஆனதைச் செய்கிறது.

டிசம்பர் 27

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கிளறியபோது 2014 மார்கழிப் பதிவு ஒன்று கிடைத்தது. இதே தெருப் பிள்ளையார் கோயில் வாசலில், இரண்டு மரங்களும் இருந்தபோது எடுத்தது. மாலை ஐந்தரைக்கு வயலின் சுருதி சேர்க்கும்போதே மைனாக்கள் அடைய வந்துவிட்டன, காது கிழியும் சத்தம். அப்போது அதை நீக்க ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். அடி இரைச்சலை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம், மைனாவை வெட்டப் போனால் வயலினும் சேர்ந்து போகிறது. வெறுத்துப்போய் அப்படியே போட்டு வைத்தது.

ஆறு மணி தாண்டியதும், இலைகள் மூடுகிற நேரம், மெல்ல மெல்ல அடங்கி, பல்லவி தனியாகக் கேட்கிறது. நடுவே எங்கிருந்தோ ஒரு குரல்: "நாலு பேண்ட், ரெண்டு வேட்டி!"

போனில் ஏற்றிக்கொண்டுபோய் இஸ்திரிக்காரரிடம் போட்டுக் காட்டினேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார்.

"அப்பல்லாம் துணிக்கு அஞ்சு ரூபா வாங்கிட்டிருந்தேன் சார்."